சோப்புப் போடாத கை

என் கணவர் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது சென்னையில் அந்த மீனை வாங்கினோம். குள்ளச் சிங்கமீன். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். செங்கல் நிறத்தில் வரிகள், இரண்டு பக்கமும் விரிந்த துடுப்புகள், முதுகில் நிமிர்ந்து நிற்கும் முட்கள். கடைக்காரர் அதைப் பையில் பிடித்துத் தரும்போதே சொன்னார்: "முதுவு முள்ளுல விஷம் இருக்குது. கைய மட்டும் உள்ள வுட்டுடாதீங்க. குத்திடுச்சுன்னா தாங்குற சூட்டுல வெந்நீர்ல வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"அம்மாகிட்ட சொல்லிடு" என்றார் கணவர். "சொல்லிடுறேன்" என்றேன்.

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் மாமியாரும் நானும் மட்டும்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான வருடங்களைக் கணக்குப் பார்த்து விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போயிருந்த சமயத்தில்தான் கடல்மீன் தொட்டி வைக்கும் ஆசை எனக்கு வந்தது. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைப்பது மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. "வூட்டுக்குள்ள எதுக்கும்மா கடலு?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, வெச்சுக்க" என்று விட்டுவிட்டார். அப்படி ஒத்துக்கொண்டவரிடம் போய், உள்ளே விஷமீன் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கணவர் திரும்பிப் போனபின் ஒருநாள் போனில் கேட்டார், "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்" என்றேன். அந்தப் பொய் எந்தத் தடங்கலும் இல்லாமல் வாயில் வந்தது.

பாக்கெட் கடலுப்பைக் கரைத்து நீரின் பதம் பார்ப்பது, கரண்ட் போனால் மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டுவது எல்லாம் என் வேலை. மீன் ஒளிந்துகொள்ள, செராமிக் கம்பெனியில் ஒடிந்ததென்று ஒதுக்கிய, கரண்ட் கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பகலெல்லாம் அதன் அடியில்தான் கிடக்கும். சாயங்காலம் மெல்ல வெளியே வந்து துடுப்புகளை விரிக்கும்.

மாமிக்கு அதன் மேல் எப்போது பிரியம் வந்தது என்று எனக்குத் தெரியாது. "கோழிக்குஞ்சு மாதிரி சிலுப்பிக்குது பாரு" என்று சிரிப்பார். இறால் வாங்கினால் அதற்கென்று சின்னதாக இரண்டைத் தனியே உரித்து வைப்பார். நான் குச்சியில் குத்தி நீருக்குள் ஆட்டிக் காட்ட, அது வாயைத் திறந்து ஒரே இழுப்பில் விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

அவர் அப்படி நெருங்கி நிற்க நிற்க எனக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் வேறொன்று சொன்னேன். "தண்ணியில கை வெச்சுடாதீங்க மாமி. கையில சோப்பு இருந்தா மீனு செத்துப்போயிடும்." அவர் பதறி இரண்டடி தள்ளி நின்றார். கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே மாமி என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. அலறல் இல்லை, அடக்கிக்கொண்ட குரல். இறங்கி வந்தபோது தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருந்தார். தொட்டி மூடி திறந்திருந்தது. ஆள்காட்டி விரல் அதற்குள்ளாகவே சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது.

"அது தலகீழா மாட்டிக்கிச்சும்மா. செத்துடப்போவுதுன்னு எடுத்துவுடப் பாத்தேன்" என்றார்.

மாட்டிக்கொள்ளவில்லை. அந்த மீன் அப்படித்தான் தலைகீழாகத் தொங்கும். அதையும் நான் அவரிடம் சொன்னதில்லை.

நான் தொட்டியையே பார்த்தபடி நின்றதைக் கோபம் என்று நினைத்தாரோ என்னவோ, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சோப்பு போடலம்மா. வெறுந்தண்ணியில நல்லா கழுவிட்டுத்தான் கைய வுட்டேன். மீனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

சமையலறைக்கு ஓடி வெந்நீர் வைத்தேன். என் கையை விட்டுச் சூடு பார்த்து அவர் கையை அதில் அமிழ்த்தினேன். வலி தோள் வரை ஏறுவதாகச் சொன்னார். முகம் வியர்த்து, ஒருமுறை வாந்தி எடுத்தார். ஆட்டோவில் போகும்போதும் வெந்நீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம்தான் கேட்டார். "விஷமீனுன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"இவங்களுக்கு?"

நான் குரலைத் தாழ்த்தி, "இல்லைங்க" என்றேன். மாமி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டபின் வலி மட்டுப்பட்டது. சேத்தியாத்தோப்பிலிருந்து நாத்தனார் பஸ் பிடித்து ஓடி வந்தார். வந்ததும் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கணவர் அழுதுகொண்டே பேசினார். பேச்சின் நடுவில், "அவதான் அப்பவே சொன்னாளேம்மா, விஷம்னு. தெரிஞ்சும் ஏம்மா கைய வுட்டீங்க?" என்று கேட்டார்.

அந்த அறையில் ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு இடமும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்."

"இப்படியா மறப்பே!" என்று நாத்தனார் அவரைக் கடிந்துகொண்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து, நாத்தனாரும் ஊருக்குக் கிளம்பியபின் மாமியின் கைக்கு மருந்து தடவும்போது சொன்னேன். "நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல, மாமி."

"தெரியும்."

"சொன்னா வேணாம்னுடுவீங்கன்னு நெனச்சேன்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை.

மீனைப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். மாமிதான் வாசல் வரை வந்து, "பாத்துங்க, முள்ளு குத்திடும்" என்று அவரிடம் சொன்னார். வீக்கம் வடிந்துவிட்டது. விரல் நுனி மட்டும் மரத்தே இருக்கிறது. தேங்காய் துருவும்போது விரலில் பட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை என்று அந்த வேலையை நான் செய்கிறேன்.

போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பாட்டுக்குக் காத்திருக்கையில், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் நாத்தனார் மீன் கதையைச் சொன்னார். "எங்கம்மாவுக்கு மறதி வந்துடுச்சு. மருமவ படிச்சு படிச்சு சொல்லியிருக்குறா, அப்பவும் கைய வுட்டுட்டாங்க." எல்லோரும் மாமியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, "நீதாம்மா பக்குவமா பாத்துக்கணும்" என்றார்.

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.