ஐம்பத்தைந்தாவது கண்ணி

1953 சித்திரையில் பூரணிக்கு இடுப்பு முறிந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மழை விட்ட கையோடு கொழுந்தெடுக்கப் போனவள் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. சமதரையில் கோலூன்றி நடப்பாள்; கூடையோடு மலை ஏற முடியாது. மலை ஏறாதவளுக்குச் செக்ரோல் பதிவில் பேர் எதற்கு? பேர் இல்லாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா எதற்கு? தோட்டத்து நியாயம் இவ்வளவுதான். மாதக் கடைசியில் பேரை வெட்டத் துரை உத்தரவு போட்டதாக மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

புருஷன் மாயாண்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இறம்பொடையில் மகன் இருக்கிறான். அங்கே ஒரே காம்பராவில் எட்டுப் பேர். “ஒம்பதாவது ஆளா நான் போயி எங்க படுக்கிறது, அடுப்புக்குள்ளயா?” என்பாள். அவளுக்கு வாய் மட்டும் முறியவில்லை.

ஒரு கைத்தொழில் இருந்தது. இளவயதில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது கம்பளிப் பின்னல் பழகிக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தலையில் அவள் பின்னிய குல்லாய்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் துரையின் மனைவி, துரைசானி, ஆளனுப்பினாள்.

பங்களா மேசையில் பழுப்பேறிய புத்தகம் ஒன்று கிடந்தது. நூறு வருஷத்துக்கு முந்தியது, சீமையில் ஏலத்தில் எடுத்ததாம். விரல் இல்லாத மெல்லிய கையுறைச் சோடி ஒன்றின் படத்தைத் துரைசானி தொட்டுக் காட்டினாள். வருகிற சனிக்கிழமை நுவரெலியாவில் துரைசானிமார் கண்காட்சி. பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்ததைத்தான் வைக்க வேண்டும்.

“புக்குல இருக்கிற மாதிரி. கூட வேணாம், குறைய வேணாம்,” என்றாள். “நல்லா செஞ்சா நீ பங்களா தையல்காரி. பேர் வெட்ட மாட்டாங்க. இல்லாட்டி துரை சொன்னதுதான்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. கையில் ஆறு நாள்.

நூலையும் புத்தகத்தையும் துரைசானி கொடுத்தனுப்பினாள். அவ்வளவு மெல்லிய ஊசி ஹட்டன் கடைகளில் இல்லை. சைக்கிள் கம்பி நான்கைக் கல்லில் தீட்டி ஊசியாக்கிக்கொண்டாள். இங்கிலீசைப் படித்துச் சொன்னவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் முத்துலிங்கம். முதலில் ஊசியில் ஐம்பத்து நாலு நூல் கண்ணி ஏற்ற வேண்டும். நான்கு ஊசியில் வளையமாகச் சுற்றிப் பின்ன வேண்டும். நூலைச் சுற்றி ஒரு துளை, இரண்டு கண்ணி சேர்த்து ஒன்று, சாதாவாக ஒன்று. எல்லாச் சுற்றும் இப்படியே.

சுலபமான பின்னல். ஆனால் படத்தில் துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நேரே ஏறின. பூரணியின் கையில் அவை சாய்ந்து சாய்ந்து வளையத்தைச் சுற்றி ஓடின. திங்கட்கிழமை பின்னியதைப் பிரித்தாள். செவ்வாய்க்கிழமையும் பிரித்தாள். புதனன்று காலை மூன்றாம் தடவையாகவும் கோடு சாய்ந்தபோது நூலில் பிசிர் எழும்பிவிட்டது. இன்னும் இரண்டு தடவை பிரித்தால் நூலே தாங்காது. கோலை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“நீங்க தப்பாப் படிச்சிருக்கீங்க வாத்தியாரே.”

“நான் படிச்சது சரிதான் பூரணியக்கா. நீங்க எத்தனை கண்ணி ஏத்துனீங்க?”

“அம்பத்தி நாலு.”

வாத்தியார் நம்பவில்லை. வளையத்தை வாங்கி ஒவ்வொன்றாக விரல்வைத்து எண்ணினார். “அம்பத்தஞ்சு இருக்கே.”

“ஆமா. ஒண்ணு பிள்ளையாருக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எழுதுகிறவர்கள் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். எழுதத் தெரியாத பூரணி எதைத் தொடங்கினாலும் ஒரு கண்ணி கூட ஏற்றுவாள். அதை எண்ணிக்கையில் சேர்த்ததே கிடையாது. இதுவரை பின்னியதெல்லாம் இரண்டு ஊசியில் போய் வருகிற சாதாப் பின்னல். ஒன்று கூடினாலும் தெரியாது. இந்தப் பின்னலோ மூன்று மூன்றாகப் போவது. சுற்று முடியும்போது ஒன்று மிஞ்சியது, மிஞ்சியது அடுத்த சுற்றைத் தள்ளியது.

“அந்த ஒண்ண விட்டுடுங்க, சரியாப் போயிரும்,” என்றார் வாத்தியார்.

சொல்வது அவருக்குச் சுலபம். காம்பராவுக்குத் திரும்பி ஐம்பத்து நாலோடு நிறுத்தினாள். இரண்டு கண்ணி நழுவின. பயம்தான், வேறென்ன. இருக்கிற கூரையே போகப்போகிற நேரத்தில் பிள்ளையாரையும் பகைத்துக்கொள்ளவா? ஏற்றியதை உருவிவிட்டு ஐம்பத்தைந்தே ஏற்றினாள். முதல் சுற்றின் கடைசியில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினாள். படைத்த கொழுக்கட்டையைக் கடைசியில் நாம்தானே எடுத்துச் சாப்பிடுகிறோம், அவர் கோபித்துக்கொள்ளவா செய்கிறார்? இம்முறை துளைகள் நேரே ஏறின. வெள்ளி சாயங்காலம் சோடி முடிந்தது.

சனி காலையில் துரைசானி கையுறையையும் புத்தகத்தையும் வாங்கிச் சன்னலோரம் போனாள். கரண்டிகளைக்கூடத் தினமும் எண்ணி வைக்கிற பெண் அவள். பென்சில் முனையால் அடிவிளிம்பை எண்ணத் தொடங்கினாள். விளிம்பை யாராவது எண்ணுவார்கள் என்று பூரணி நினைக்கவேயில்லை.

“ஒண்ணு கூட இருக்கு,” என்றாள் துரைசானி. இன்னொன்றையும் எண்ணினாள். “இதுலயும்.”

கை தவறிவிட்டது என்று சொல்லலாம். வாத்தியார் தப்பாகச் சொன்னார் என்றும் சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

“அது பிள்ளையாருக்குங்கம்மா. வேணும்னுதான் போட்டேன்.”

“புக்குல இல்லை.”

“புக்குல இல்லீங்க. கோடு நேரா நிக்குதுங்களான்னு பாருங்க.”

துரைசானி கையுறையை மாட்டிக்கொண்டு கையை வெளிச்சத்தில் தூக்கினாள். பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த கையுறையையும் மாட்டினாள்.

“திங்கட்கிழமை வா,” என்றாள், கையுறையைக் கழற்றாமலே. “திரைச்சீலை தைக்கிறது நிறைய இருக்கு. துரைகிட்ட நான் பேசுறேன். பேர் வெட்ட வேணாம்.”

“சரிங்கம்மா,” என்றாள் பூரணி. அந்தப் பங்களாவில் இத்தனை வருஷத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை. கோலைப் பக்கத்தில் போட்டுவிட்டுத் துரைசானியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள்.