கருப்பி துப்பிய மருந்து

என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை; கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். "நான் என்ன ஆடா?" என்று கையைத் தட்டிவிடுவாள். அயனம்பாக்கத்து நான்காவது மாடியில் பிறந்தவளுக்கு ஆட்டுக் கதை எங்கே தெரியும்?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்களுக்குத் திருநின்றவூரில் வாடகை வீடு. அப்பா விடிந்ததும் அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் போய்விடுவார். எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டாத அம்மாவின் தம்பி, ஏழு ஆடுகளோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஆடுகளுக்கு ஏரிக்கரைப் புல்தான் தீனி. அந்த ஈரப் புல்லோடு புழுவும் உள்ளே போய், குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அதற்கு மாதாமாதம் பூச்சி மருந்து. ஒரு புட்டி ஏழு ஆட்டுக்குக் காணாது. மாமாவா அசருவார்? தண்ணீர் கலந்துவிட்டார்.

"பாதி பாதியா ஊத்துனா அல்லாத்துக்கும் வந்துரும் பாப்பா. மாசா மாசம் ஊத்திகினே இருந்தா பூச்சி இன்னா பண்ணும்?"

வாயைப் பிடிப்பது என் வேலை. வெள்ளச்சி சமர்த்து, மடக் மடக்கென்று குடித்துவிட்டு என் கையை நக்கும். அதன் மேல் எனக்கு உயிர். கருப்பிக்கு ஒற்றைக் கொம்பு, கிழிந்த காது. ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அத்தனையையும் என் பள்ளிக்கூடச் சட்டையில் துப்பிவிட்டு ஓடும். ஆனாலும் கல்லுக்குண்டாட்டம் இருக்கும். எல்லாம் திமிர் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு ஓர் ஆட்டை அறுப்பதாக முடிவாயிற்று. "எத்த போடலாம், நீயே சொல்லு" என்று மாமா கேட்டு முடிக்கும் முன்பே கருப்பியைக் காட்டினேன். பிரியாணி நன்றாகவே இருந்தது.

ஐப்பசி மழையில் வெள்ளச்சியின் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. இமையை இழுத்தால் உள்ளே ரத்தமே இல்லை, வெள்ளைக் காகிதம். மாமா மருந்து ஊற்றினார். மறுவாரம் தண்ணீர் கலக்காமலே ஊற்றினார். அதற்கும் நோய் கேட்கவில்லை. எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து போய் இமையைப் பார்ப்பேன். வந்து உட்கார்ந்தால் மறுபடி பார்க்கத் தோன்றும். "ஏண்டி கால்ல வெந்நீர ஊத்திகினு நிக்கிற?" என்று அம்மா வைவாள்.

கடைசியில் ஆட்டோவில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா மாமாவின் தண்ணீர்க் கணக்கை முழுதாகக் கேட்டார்.

"பாதி மருந்துல சாகுற புழுவெல்லாம் செத்துப்போச்சு. தாங்கினது மட்டும் மிஞ்சி முட்டை போட்டிருக்கு. இப்போ இதோட வயித்துல இருக்கிறது பூரா அந்த வம்சம்தான். மருந்து எப்படிங்க கேட்கும்?"

"அப்போ நான்தான் வளத்துட்டேன்றீங்களா?" என்றார் மாமா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். பிழைத்தால் பார்க்கலாம் என்றார். பிறகு, "மருந்தே குடிக்காம நல்லா இருந்த ஆடு ஏதாவது உண்டா? சில ஆடு பிறவியிலேயே புழுவைத் தாங்கும். அதுலதான் குட்டி எடுக்கணும்" என்றார்.

மருந்து குடிக்காத ஆடு என்றதுமே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒண்ணு இருந்துச்சு டாக்டர்! எல்லாத்தையும் துப்பிடும். நான்தான் அத்த ஈஸ்டருக்குப் பிரியாணி போடச் சொன்னேன்!"

சபாஷ் வரும் என்று காத்திருந்தேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். மாமா என்னைப் பார்த்தார், திட்டவில்லை. வழி நெடுக வெள்ளச்சியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

நான்காம் நாள் வெள்ளச்சி செத்துப்போனது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதேன். அழுது முடித்து வெளியே வந்தால், மாமா கொட்டகையின் மறுமூலையில், ஈஸ்டரிலிருந்து காலியாகக் கிடந்த ஒரு முளைக்குச்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பாவம், துக்கத்தில் இடம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"மாமா, அது கருப்பியோடது. வெள்ளச்சிய இங்கதானே கட்டுவோம்" என்றேன்.