அப்பா தட்டிய கதவுகள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எதிர்வீட்டுக் கதவில் சங்கிலி பொருத்தியது. நான் துளையிட்டேன்; அவர் திருகாணிகளை முடுக்கினார்.

அப்பா தச்சர். தெருவில் அடுத்தடுத்துத் திருட்டு நடந்த பிறகு, ஒரு பெண் காவலரோடு வீடு வீடாகப் போனார். காக்கிச் சட்டையைக் கண்டால் எங்கள் தெருவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அதனால் அப்பாதான் தட்டுவார். திறந்ததும் காவலர் பேசுவார். அப்பா தாழ்ப்பாளையும் பூட்டையும் சரிபார்ப்பார்.

"என்னண்ணே, மாமியார் வீட்டு ஆளுங்களோடயே சுத்துறீங்க?" என்று இஸ்திரிக்காரர் சீண்டுவார்.

"நீயும் வாயேன், விருந்து பலமா இருக்கும்" என்பார் அப்பா. காவலரே சிரித்துவிடுவார்.

மாரடைப்பில் அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. நேற்று அந்தக் காவலர் வந்தார். "ஒரு வீட்லயும் திறக்க மாட்டேங்கிறாங்கம்மா. நீங்க கூட வர்றீங்களா?"

போனேன். நான் தட்டியும் யாரும் திறக்கவில்லை. கடைசி வீட்டில் தனியாக இருக்கும் டீச்சர் மட்டும் உள்ளிருந்தே பதில் சொன்னார். "உங்கப்பா இருந்தாரு, திறந்தேன். இனிமே யாரை நம்பித் திறக்கிறது? போயிடும்மா."

அவர் வீட்டு நிலைச்சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. ஓங்கித் தள்ளினால் கதவு பெயர்ந்து விழும். அதை மாற்றத்தான் அப்பா புதுச் சட்டம் இழைத்து, 'டீச்சர் வீடு' என்று பென்சிலால் எழுதிவைத்தார். அது இன்னும் எங்கள் சுவரில் சாய்ந்திருக்கிறது.