தளும்ப ஊற்றிய காவா

கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள் இருபத்து நான்கையும் வெந்நீரில் அலசி, துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான் கார்மேகம். அரபு நாட்டுத் துறைமுக நகரமான சோஹாரிலிருந்து இரண்டு மணி நேரம் மலைக்குள் போனால் வரும் சிற்றூர் அது. வட்டாரத்தை ஆளும் அதிகாரியான வாலியின் அலுவலகமும் நீதிமன்றமும் ஒரே வளாகம். வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழத் தட்டை நீட்டி, காவா என்னும் அரபுக் காப்பியை ஊற்றுவது அவன் வேலை.

வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் துறைமுக சைட்டில் கம்பி கட்டினான். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் சிறுநீரகத்தில் கல் வராமல் என்ன செய்யும்? இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தான். இந்த வேலை நிலைத்தால் உடம்பு தப்பும். ஒரு புகார் போனால் மறுபடி சைட்தான். அதனால் சைட் பூட்ஸைப் பையிலேயே கட்டி வைத்திருந்தான்.

சூப்பர்வைசர் கௌஸ் முகம்மது ஆம்பூர்க்காரர். "கால் கோப்பைதான் ஊத்தணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கம்பெனி காவாத்தூளை மிச்சம் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டான் கார்மேகம். அவன் ஊரான கமுதிப் பக்கம் விருந்தாளிக்குக் கால் டம்ளர் நீட்டினால், அவர் அந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டார்.

அன்று வாலியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பெரிய மனிதர்கள். மேலூர் ஷேக் ஸாலிம், கீழூர் ஷேக் ஹமத். நடுவே ஓடும் காட்டாற்றுக்கு எந்த இடத்தில் பாலம் போடுவது என்று மூன்று மாதமாக இழுபறி. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர்களுக்கா கால் கோப்பை என்று இருவருக்கும் தளும்பத் தளும்ப ஊற்றினான்.

ஸாலிம் கோப்பையைப் பார்த்தார். கீழே வைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன காரியம்யா பண்ணே," என்று காதோரம் வந்தார் கௌஸ். "நிறைய ஊத்துனா, 'குடிச்சிட்டுக் கெளம்பு'ன்னு அர்த்தம்."

"சிக்கனத்துக்குச் சொல்றீகன்னுல்ல நெனச்சேன், பாய்."

"நல்லா நெனச்சே. பூட்ஸ் வச்சிருக்கேல்ல?"

ஸாலிம் கார்மேகத்தைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டார். கௌஸ் முணுமுணுத்தார்: "'என்னைத் துரத்த ஹமத் உனக்கு என்ன குடுத்தான்?'ங்கிறாரு."

ஹமத் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் விளிம்பு வரை. தூக்கிய வேகத்தில் அவருடைய வெள்ளை அங்கியில் கொஞ்சம் கொட்டியது. கிழவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸாலிமின் தாடி குலுங்கியது. வாலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பச் சொல்லியாயிற்று, கிளம்புவோம், ஆற்றையே போய்ப் பார்ப்போம் என்றார் ஹமத். ஒரே வண்டியில் போனார்கள். மேஜையில் விரித்த வரைபடத்தில் மூன்று மாதமாக முடியாதது, ஆற்றுக் கல்மேல் நின்றபோது அரை மணியில் முடிந்தது. பெரிய இலந்தை மரத்தருகே பாலம். இரண்டு ஊருக்கும் ஒரே தூரம்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட வந்தார்கள். கார்மேகம் கால் கோப்பை ஊற்றினான். ஸாலிம் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார், மூன்று முறை. பிறகு ஹமத்தைக் காட்டி ஏதோ சொன்னார்.

"இவருக்கு மட்டும் நிறைய ஊத்தணுமாம்," என்றார் கௌஸ். "ஊத்தித் தொலைச்சிராதே."

"நான் இங்கனயே இருக்கலாமா, பாய்?"

"வேற ஆள் ஊத்துனா குடிக்க மாட்டோம்னு வாலிகிட்ட சொல்லிட்டாங்க. போய்க் கோப்பையக் கழுவு."

கழுவிக் கவிழ்த்தான். பிறகு பையை அவிழ்த்துப் பூட்ஸை வெளியே எடுத்தான். வளாகத்துத் தோட்டக்காரருக்கு அளவு சரியாக இருந்தது. அவருக்கே கொடுத்துவிட்டான்.