படத்தோடு இலவசமாக வந்த மாலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதக் கடைசியில், மாங்குளத்திலிருந்து உள்ளே செல்லும் கிரவல் வீதியில் உள்ள ஒரு கிராமத்தில் இது நடந்தது. பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் காத்திருந்த பின், பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக எனக்கு நியமனம் கிடைத்திருந்தது. படித்தது யாருக்காவது உடனே பயன்பட வேண்டும் என்ற அவசரம் அப்போது என்னிடம் நிறையவே இருந்தது.

அந்தக் கிராமத்து மாதர் சங்கத்தினர், போரின் முடிவில் சரணடைந்து இன்றுவரை திரும்பி வராத ஊரவர்களையும், களத்துக்குப் போய்ச் செய்தியே இல்லாமற்போனவர்களையும் ஒரு நாள் கூடி மதிப்புச் செய்ய விரும்பினார்கள். மொத்தம் பதினொரு பேர். மண்டபத்தில் அவர்களுடைய படங்களை வைத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் வீட்டார் நாலு வார்த்தை சொல்வதுதான் திட்டம். படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போடும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். அலுவலகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஊருக்கு நான் 'ஆபீஸ் பிள்ளை' என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசியாகப் போன வீடு வீதியின் முடிவில் இருந்தது. அதற்கு அப்பால் காடு. பிற்பகல் இரண்டு மணி இருக்கும், காற்றே இல்லை. கொடியில் ஆண்களுக்குரிய சாரமும் கோடுபோட்ட சேட்டும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. வாசற்படியில் பெரிய செருப்புச் சோடி ஒன்று, இப்போதுதான் யாரோ கால் கழுவி ஏறியதுபோல நனைந்திருந்தது. தனியே இருக்கும் ஓர் அக்காவின் வீடு என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நான் தயங்க, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தார்.

"வாங்கோ தங்கச்சி" என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பி உரத்துச் சொன்னார்: "இஞ்சரப்பா, ஆபீசிலையிருந்து பிள்ளை வந்திருக்கு!"

உள்ளேயிருந்து யாராவது வருவார்கள் என்று நான் நின்றபடியே காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அறைக் கதவின் திரைகூட அசையவில்லை.

"ஒருத்தருமில்லை, இருங்கோ" என்று சிரித்தார் அவர். "ரோட்டாலை போறவைக்குக் கேக்கோணும். காட்டுக்கரையிலை தனிய இருக்கிறன். இந்த வீட்டிலை ஆம்பிளை இருக்கெண்டு தெரியோணுமெல்லோ."

அந்தப் பதில் நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்த பிறகு என் முதுகு நிமிர்ந்தே இருந்தது. மேசையில் விரித்த பத்திரிகையின் மேல் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடந்தது. என் பார்வை அதில் நிற்பதைக் கண்டு, "பரந்தனிலை வாங்கினது. அவருக்கு இப்ப நாப்பத்தெட்டு. கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கேலாது" என்றார். சேட்டும் அப்படித்தானாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அளவு பெரிது. "அவரின்ரை தேப்பனுக்கு நாப்பதிலையே வயிறு வைச்சிட்டுது. பரம்பரை விடுமே!"

அவருடைய கணவர் போராளி. போரின் கடைசி நாளில் சரணடைந்தவர். வரிசை வரைக்கும் கூடவே நடந்து சென்று, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, பேருந்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர் இந்த அக்கா. அப்போது கணவருக்கு முப்பத்து நான்கு வயது. அந்த வயதோடு நின்றுபோகாமல், ஒரு மனிதர் அந்த வீட்டில் ஆண்டுக்கு ஆண்டு மூப்படைந்துகொண்டிருந்தார். உடம்பு பருத்து, கண் மங்கி, நனைந்த செருப்போடு.

அக்கா தந்த கல்யாணப் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டேன். விடைபெறும்போது அவர், "இப்ப எப்பிடி இருப்பாரெண்டு ஒருக்காப் பாத்தால் காணும் தங்கச்சி" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. பதினான்கு ஆண்டுக்கும் மேல் பழைய படத்தை வைத்துக்கொண்டு யாரைத்தான் அடையாளம் காண முடியும்? கிளிநொச்சியில் நான் படங்களைக் கொடுத்த ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். கம்பியூட்டரில் வயதைக் கூட்டலாம் என்றார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் அப்படிச் செய்யச் சொன்னேன். அக்காவைக் கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார், நேரில் பார்த்தால் மகிழ்வார் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் படங்கள் தனித்தனியே பத்திரிகைத் தாளில் சுற்றிக் கட்டி, மேலே பெயர் எழுதித் தயாராக இருந்தன. அவசரத்தில் பிரித்துப் பார்க்காமலே ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு நேரே அக்காவின் வீட்டுக்குத்தான் போனேன்.

கட்டை அவரே அவிழ்த்தார். தாள் விலகியது. நரைத்த மீசையும் கனத்த கன்னமுமாக நாற்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கண்களின் கீழே தூக்கமில்லாதவருக்கு விழும் கருமைகூட இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரைச் சென்ற மாதம் எடுத்த படம் என்று யாரும் நம்பியிருப்பார்கள். சட்டத்தின் மேல் இரு மூலைகளிலிருந்தும் ஒரு சந்தன மாலை தொங்கியது.

நான் மாலை கேட்கவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட வரும் படமெல்லாம் இறந்தவர்களுடையது என்பதால், ஸ்டூடியோவில் பழக்கத்தில் மாட்டிவிட்டார்கள். பின்னர் நான் கேட்டபோது, "மாலைக்குக் காசு எடுக்கேல்லைத் தங்கச்சி, அது இனாம்" என்று ஸ்டூடியோக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அக்கா அழவில்லை. மிக மெதுவாக, சாதாரணக் குரலில் கேட்டார்:

"இது எங்கை எடுத்த படம்? எப்ப காலமானவர்?"

அவருடைய வலக்கை நெற்றிக்குப் போனது. பெருவிரல் பொட்டின் மேல் பதிந்தது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"இல்லையக்கா! செய்தி ஒண்டும் வரேல்லை. இது கம்பியூட்டரிலை செய்தது. நீங்கள் தந்த படந்தான்."

"பொய் சொல்லாதேங்கோ. ஆபீசுக்கு அறிவிச்சிருப்பாங்கள். மெல்ல மெல்லச் சொல்லலாமெண்டு உங்களை அனுப்பியிருக்கினம்."

சத்தியம் செய்தேன். தொலைபேசியிலிருந்த பழைய படத்தைக் காட்டினேன். நான் பேசப் பேச அவர் முகத்தில் இரக்கம்தான் கூடியது. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர் தாம் என்பதுபோல. உண்மையைச் சொல்லும் ஒருவரை நம்பாதிருக்க அவருக்கு எத்தனை அனுபவம் இருந்திருக்க வேண்டும்! என் பிடிக்குள் அந்தக் கை மட்டும் நெற்றியை நோக்கி இழுத்துக்கொண்டேயிருந்தது.

பின்பு திடீரென்று கை தளர்ந்தது. மேசையிலிருந்த கணவரின் கண்ணாடியை எடுத்துத் தாம் போட்டுக்கொண்டு, படத்தின் மேல் குனிந்தார். மூச்சு சட்டத்துக் கண்ணாடியில் படியும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"இடப் புருவத்திலை வெட்டுக்காயம் ஒண்டு இருக்கு. கல்யாணப் படத்திலையும் தெரியும். இதிலை எங்கை?"

முகத்தைச் சுத்தமாக்குகிறேன் என்று கம்பியூட்டர் அந்தத் தழும்பை அழித்துவிட்டிருந்தது.

"இது அவரில்லை" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏறத்தாழ விளையாட்டாக, "ஆளைப் பாத்தால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தாளை மறுபடி சுற்றி, என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்கோ தங்கச்சி. ஒரு மனுசனுக்காகக் காத்திருக்கிறதே பெரும்பாடு. இந்த ஆளுக்காகவும் சேத்து என்னாலை ஏலாது."

வீதியோரம் ஸ்கூட்டியை நிறுத்தி, மீதிப் பத்துப் படங்களிலிருந்தும் மாலைகளைக் கழற்றினேன். நான் அந்த வீட்டுக்கு முதலில் போகாமல் இருந்திருந்தால், பத்து வாசல்களில் பத்துச் சாவுச் செய்திகளை இறக்கியிருப்பேன். அக்காவின் வலியில் நான் தப்பித்தேன் என்ற நினைப்பு இன்றும் கூசச் செய்கிறது.

குறித்த நாளில் மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. வீட்டார் எழுந்து நின்று பெயரையும் இன்றைய வயதையும் மட்டும் சொன்னார்கள். அக்கா, "நாப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய கணவருக்கான இடத்தில் சிறிய கல்யாணப் படமே இருந்தது.

நான் செய்வித்த படம் என்னிடம் இருக்கிறது. எரிக்க மனம் வரவில்லை. யாரையோ எரிப்பதுபோல இருக்கிறது. மாட்டிவைக்கவும் உரிமை இல்லை. அலுமாரி திறக்கும் நாட்களில் தாளுக்குள்ளிருந்து அந்த மனிதர், தம்மை யாரைக் கேட்டு உண்டாக்கினாய் என்று விசாரிப்பதாகத் தோன்றும். காணாமற்போனவர்களைப் பற்றிய எந்தப் படிவத்தில் பேனையை வைத்தாலும், நான் எழுதப்போகும் ஒரு சொல் யாரோ ஒரு பெண்ணின் கையை அவள் நெற்றிவரை கொண்டுபோகக்கூடும் என்பதை அந்தக் கேள்விதான் எனக்கு நினைவூட்டுகிறது.