சேவூர் பருத்திக் காட்டில் ஒரு அமெரிக்கப் பாடம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரி வரைக்கும், அமெரிக்காவில் உள்ள கறுப்பின மக்கள் நம் ஆட்கள் சிங்கப்பூர் போன மாதிரி சம்பளத்துக்குப் போனவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் படித்தது ஆறாவது. அதிலும் பாதி நாள் மணி அடிக்கிறவனாகத்தான் இருந்தேன்.

2007 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் வரலாற்று டீச்சர் என் வேனை வாடகைக்கு எடுத்தார். வாடகை தொள்ளாயிரம், டீசலோடு. பதினாறு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஏழே முக்காலுக்குக் கிளம்பி, அவிநாசி வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர், எட்டே முக்காலுக்கு சேவூர். தோட்டம் ஒரு பனியன் கம்பெனி முதலாளியுடையது. அவர் மகள் ரம்யாவும் அதே வகுப்பு.

டீச்சர் சீட்டுக் குலுக்கினார். வெள்ளைச் சீட்டு வந்த நாலு பேர் எசமானிகள், அவர்களுக்கு வேப்பமர நிழலில் ஒரு கட்டில். மற்றவர்கள் அடிமைகள், வெயிலில் பஞ்சு எடுக்க வேண்டும். "அமெரிக்காவுல கறுப்பு ஆளுங்களப் புடிச்சுட்டுப் போயி, அடிமையாக்கிப் பருத்தி எடுக்க வச்சாங்க. அங்க தோல் நிறத்த வச்சுப் பிரிச்சாங்க, இங்க சீட்டு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து விசில் அடித்து, "எல்லாருக்கும் விடுதலை. இனி அவங்கவங்க எடுக்கறது அவங்கவங்களுக்கு" என்றார்.

ரம்யா கையை உதறினாள். "ஏனுங்க டீச்சர், இதுவரைக்கும் எடுத்த பஞ்சு?"

"அது எசமானிங்களுக்குத்தான்."

"அப்பறம் என்னங்க விடுதலை?"

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். மகள் வெயிலில் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்ற புள்ளதான் கெடச்சாளாங்க டீச்சர்?"

"சீட்டுல வந்ததுங்க. அங்கயும் யாரும் கேட்டு வாங்கிப் பொறக்கலீங்க."

விசில் அடித்ததும் மற்ற மூன்று எசமானிகளும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள், கட்டிலில் மிச்சம் இருந்தது மேரி மட்டும். தென்காசிப் பக்கம். அவள் அம்மா இவர் கம்பெனியில்தான் டெய்லர். அவரைக் கண்டதும் மேரி எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு கண்ணு."

"இருக்கட்டும் முதலாளி."

மூன்று முறை சொன்னார். உட்காரவில்லை. வேனில் சாய்ந்து பாக்குப் போட்டுக்கொண்டிருந்த நானும் எப்போது நிமிர்ந்து நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குப் பாடம் புரிந்தது அப்போதுதான்.

ரம்யா பஞ்சு மூட்டையோடு வந்தாள். "அப்பா, நீங்க நின்னா அவ எப்படீங்க உக்காருவா? நீங்க மொதல்ல உக்காருங்க."

அவர் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மேரி, தன் அம்மா வேலை செய்யும் திருப்பூர்த் திசையைப் பார்ப்பது போல ரோட்டைப் பார்த்துவிட்டு, மறு ஓரத்தில் நுனியில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளை இப்படி அழைத்துப் போகிறவர்களுக்கு: தை மாதம்தான் சரி, அப்போதுதான் காய் வெடித்திருக்கும். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். தோட்டத்துக்காரர் வந்தால் தடுக்காதீர்கள், அவருக்கும் பாடம் உண்டு. எனக்கு இருந்ததே.

அன்றைக்குக் கட்டிலில் இருந்தபடியே, "டிரைவரு, நீங்க மட்டும் ஏன் நிக்கறீங்க, வாங்க" என்றார் முதலாளி. நடுவில் போய் உட்கார்ந்தேன். நான் எண்பத்தாறு கிலோ. கட்டிலின் கால்கள் இரண்டு முறிந்தன. மூன்று பேரும் மண்ணில் இருந்தோம். மணி பத்து நாற்பது.