கல்லை விழுங்கிய கரிசல்

எங்கள் காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் லிவர் கூரையைப் பார்த்து நிற்கும், கார் நிற்காது. சரிசெய்ய மூவாயிரம் ஆகும் என்றார் கோவில்பட்டி மெக்கானிக். என் வீட்டுக்காரர் பச்சை மிளகாய்க்கே பேரம் பேசுகிறவர். "ஏட்டி, நம்ம பக்கம் மேடு எங்கன இருக்கு? இந்தப் பூமிக்கு எதுக்கு ஹேண்ட்பிரேக்கு?" என்று சொல்லிவிட்டார். டிக்கியில் ஒரு கல் கிடந்தது. எங்கே நிறுத்தினாலும் அதைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார். இந்தப் பக்கத்தில் பாதி வண்டிகள் கல்லை நம்பித்தான் நிற்கின்றன.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், பசுவந்தனைப் பக்கம் எங்கள் உளுந்துக் காட்டைப் பார்க்கப் போனோம். பக்கத்துக் கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையின் உள்சரிவில்தான் வேலமர நிழல். அங்கே தண்ணீரைப் பார்த்தபடி காரை நிறுத்தினார். பின்சீட்டில், என் மடியில் எட்டு மாத மகள் தூங்கினாள். பிள்ளைக்குப் புழுங்குமே என்று ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டார். ஓடும் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. முன்சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்.

கரையெல்லாம் கரிசல் மண். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் களி. கோடையெல்லாம் அசையாமல் நின்ற கல் அந்த ஈரத்தில் மெல்ல அமிழ்ந்துவிட்டது. நான் எதையும் கவனிக்கவில்லை. தண்ணீர்தான் எங்களை நோக்கி வருகிறது என்று நினைத்தேன். போவது கார் என்று பிறகுதான் புரிந்தது. கதவைத் திறக்கக் கை வரவில்லை. மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

தண்ணீருக்கு ஓர் ஆள் நீளம் இருக்கையில் கார் நின்றது. யாரும் பிடிக்கவில்லை. முன்சக்கரங்கள் பாதிவரை மண்ணுக்குள் போயிருந்தன. "பிள்ளையக் குடு, இறங்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் அவர். இறங்கினேன். மண் என் செருப்பையும் பிடித்துக்கொண்டது. சேலையில் ஒட்டும்போதெல்லாம் நான் திட்டித் திட்டித் துவைத்த மண். அதைப் பார்த்து அன்றுதான் எனக்கு மெய்சிலிர்த்தது.

டிராக்டரை வைத்து இழுத்து, காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஹேண்ட்பிரேக் பிடிக்கும் பின்சக்கர டிரம்மைக் கழற்றினார். எத்தனையோ மழையில் புகுந்த கரிசல் உள்ளே இறுகிக் கிடந்தது.

"இந்த மண்ணுதான் அண்ணாச்சி, பிரேக் ஷூவத் தேச்சுத் தின்னுருக்கு."

மூவாயிரம் அதற்குள் ஐயாயிரத்தைத் தொட்டிருந்தது. இவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. விழுந்த மண்கட்டியைக் கையில் எடுத்து, "அதே மண்ணுதான?" என்றார். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, கண் கலங்கிவிட்டது.

பங்குனியில் மறுபடி போனோம். கண்மாய் வற்றி, கரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், கச்சிதமாகப் பிடித்தது. அப்படியும் இறங்கிப் போய்ப் புதுக்கல் ஒன்றை வைத்தார். நான் கேலி பண்ணவில்லை. பழைய கல்லை வெடிப்புகளுக்குள் தேடினேன், காணோம். மகள் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். அன்று கார் புதைந்து நின்ற இடத்தில் அவளை வெறுங்காலோடு இறக்கி, கையை விட்டேன். நின்றாள்.